பெண்வீட்டார் பாட்டு

ஹார்மோனியச் சத்தம் காதில் விழுந்தபோது, பக்கத்தில் ஏதோ கோயிலில் பஜனை தொடங்கிவிட்டது என்றுதான் லட்சுமணசாமி நினைத்தார். வாலிபால் மைதானத்தில் ஹார்மோனியத்துக்கு என்ன வேலை?

துடியலூரில் அவருடைய அப்பா பெயரில் வருஷா வருஷம் நடக்கும் போட்டி அது. ரங்கப்ப நாயுடு நினைவுக் கோப்பை என்றால் கோயமுத்தூர் ஜில்லாவில் பந்து தொட்டவர்களுக்கெல்லாம் தெரியும். அன்று சனிக்கிழமை, அரையிறுதி. முன்வரிசை சோபாவில், கஞ்சி போட்ட வேட்டியின் மடிப்புக் கலையாமல், சாய்மானத்தில் முதுகு படாமல் அவர் உட்கார்ந்திருந்தார். இழவு வீடானாலும் கல்யாண வீடானாலும் அவர் அப்படித்தான் உட்காருவார். ரங்கப்ப நாயுடுவின் மூத்த மகன் சாய்ந்து உட்கார்ந்ததை யாரும் பார்த்ததில்லை.

எதிர்க் கேலரி முழுக்கப் பவானிக்காரர்கள். படிக்கட்டில் ஜமக்காளம் விரித்திருந்தார்கள். அவர்கள் போட்டிருந்த சட்டையும் ஜமக்காளம் மாதிரியே சிவப்பும் பச்சையும் பட்டை பட்டையாக இருந்தது. மேளம் நாலைந்து இருக்கும். பெருந்துறை அணி ஒரு பந்தை வெளியே அடித்ததும் மேளம் எழுந்தது, ஹார்மோனியம் எழுந்தது, அதற்கு மேலே ஒரு பெண் குரல் எழுந்தது.

"சம்பந்தி வந்தாராம் சாரட்டு வண்டியில,
சாப்பாடு பத்தலைன்னு சண்டைக்கு நின்னாராம்,
பந்தியில ஒக்காந்து பாயாசம் கேட்டாராம்,
பந்து வந்து உழுந்ததும் பாஞ்சோடிப் போனாராம்!"

கேலரியே சேர்ந்து கடைசி வரியைத் திருப்பிப் பாடியது. பெருந்துறைப் பையன்களே சிரித்துவிட்டார்கள். சிரித்ததில் அடுத்த பந்தையும் விட்டார்கள்.

லட்சுமணசாமி சிரிக்கவில்லை. அந்தக் குரல் உச்சிக்குப் போவதற்கு முன்னால் சின்னதாக ஒரு மூச்சு எடுத்தது. அந்த மூச்சு அவருக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை தவறாமல் பூஜையறையிலிருந்து கேட்கிற மூச்சு அது.

பக்கத்தில் இருந்த தம்பி கோபாலசாமி போனை எடுத்து எதிர்க் கேலரியைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போனை மெதுவாக அண்ணன் பக்கம் திருப்பினார்.

"ஏனுங்ணா... இது நம்ம அண்ணிங்களா?"

திரையில் ராமாமணி இருந்தாள். காலையில் உடுத்திய அதே அரக்குச் சேலை. அதன்மேல் பட்டைச் சட்டை. கழுத்தில் வாரோடு தொங்கியது, பஜனைக்கென்று அவர் வாங்கிக் கொடுத்த ஹார்மோனியம். வடவள்ளிக்குப் பஜனைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனவள், கண்டவர்களுக்கு நடுவில் நின்று வாயெல்லாம் பல்லாகப் பாடிக்கொண்டிருந்தாள்.

தலையில் இடி விழுந்தால் எப்படி இருக்கும் என்று அவர் அதுவரை யோசித்ததில்லை. இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது: சத்தம் எல்லாம் தூரத்துக்குப் போய்விடுகிறது.

"அண்ணி மாதிரி யாரோ," என்றார்.

"அண்ணி மாதிரி இல்லீங்ணா. அண்ணியேதான்."

"போனை உள்ள வைடா."

ஆட்டம் முடிந்தது. பவானி ஜெயித்தது. மறுநாள் இறுதி ஆட்டத்தில் அவர்களை எதிர்த்து ஆடப்போவது துடியலூர் ரங்கப்பா கிளப். அவருடைய அப்பா ஆரம்பித்த, அப்பா பெயரையே தாங்கி நிற்கிற கிளப்.

*

அவர் வீடு போய்ச் சேர்ந்து கொஞ்ச நேரத்தில் ராமாமணியும் வந்தாள். ஹார்மோனியத்தைப் பூஜையறையில் வைத்தாள். காப்பி கலந்து கொண்டுவந்தாள். அவர் டம்ளரைத் தொடவில்லை.

"பஜனை நல்லா நடந்துதா?"

"நீங்க முன்னால சோபாவுல இருந்தீங்க. நான் பாத்தனுங்க."

அவள் மழுப்புவாள், அழுவாள், யாரையாவது சாக்குச் சொல்லுவாள் என்று வழியெல்லாம் எண்ணிக்கொண்டு வந்திருந்தார். அதற்குத் தோதாகப் பேச்சும் தயாராக இருந்தது.

"எத்தனை நாளா?"

"போன வருஷம் என்ற தம்பி மகள் சீருக்குப் பவானி போனனில்ல? ஊட்டுக்குப் பின்னால மேட்ச் நடந்துச்சு. ரூபன்னு ஒரு பையன், என்னமா மேளம் அடிக்கிறான் தெரியுங்களா! உடம்பெல்லாம் சிலுத்துப் போச்சு. ஆனா பாட்டுங்கறது இல்லவே இல்ல. 'ஓ ஓ'ன்னு ஊளையிடறாங்க. எனக்குப் பொறுக்கல. வேலி ஓரமாப் போயி, 'கண்ணு, தாளம் இருக்குது, பாட்டு இல்லியே'ன்னேன். 'நீங்களே ஒண்ணு எடுத்து உடுங்க அம்மா'ன்னு அவன் சொன்னான். எடுத்து உட்டுப்போட்டேன்."

"கச்சேரி கச்சேரின்னு நீ கேட்டப்பவெல்லாம் கூட்டிட்டுப் போயிருக்கறனே. சபாவுல முன் சீட்டு. அது போதாதா?"

"கச்சேரியில நாம கையைக் கட்டி உக்காந்திருக்கோணும். தொடையில தாளம் போட்டாக்கூடப் பக்கத்துல இருக்கறவங்க திரும்பிப் பாக்கறாங்க. இங்க நான் ஒரு வரி பாடினா ஊரே திருப்பிப் பாடுதுங்க. அடி வகுத்துல போயி அதிருது. அதை எப்பிடிச் சொல்றது உங்களுக்கு?"

அவருக்கு அது புரியவில்லை. வேறொன்று புரிந்தது. மைதானத்தில் கேட்டதிலிருந்து நெஞ்சில் முள்ளாக உறுத்திக்கொண்டிருந்த மெட்டு எதுவென்று இப்போது பிடிபட்டது.

அவர்கள் ஜாதியில் கல்யாணப் பந்தியில் பெண்வீட்டுப் பெண்கள் சம்பந்தியைக் கேலி செய்து பாடுவார்கள். மாப்பிள்ளை வீட்டாரின் மூக்கு, முழி, தொந்தி, கஞ்சத்தனம் எதையும் விடமாட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் சிரித்துக்கொண்டு கேட்க வேண்டும். முடிந்தால் எதிர்ப்பாட்டுப் பாட வேண்டும். கோபப்பட்டால் தோற்றுப் போனதாக அர்த்தம். காலம் காலமாக இதுதான் சட்டம். பவானியில் நடந்த அவர் கல்யாணத்தில் ராமாமணியின் அத்தைகள் தெலுங்கில் பாடியது இந்த மெட்டில்தான். அவள் இந்த வீட்டுக்கு வந்த பிறகு அது போன்ற பாட்டெல்லாம் வேண்டாமென்று அவருடைய அம்மா சொல்லிவிட்டாள். அப்புறம் வீட்டில் கீர்த்தனை மட்டும்தான் கேட்டது.

"பந்திப் பாட்டைக் கொண்டுபோய்ப் பந்து மைதானத்துல பாடிருக்கறே. அதுவும் கண்டவங்களோட நின்னுக்கிட்டு."

"கண்டவங்க இல்லீங்க. என்ற ஊருக்காரங்க."

"உன்ற ஊரு இது. நாளைக்கு ஆடப்போறது எங்கப்பன் பேர்ல இருக்கற கிளப்பு. சொந்தக்காரன், ஃபேக்டரிக்காரன், பேப்பர்காரன் எல்லாரும் வருவான். ரங்கப்ப நாயுடு மருமகளே அவரு கிளப்பை நக்கலடிச்சுப் பாடறான்னு ஊரு பேசினா நான் எந்த மூஞ்சியோட கோப்பையைக் குடுப்பேன்? நீ வரக் கூடாது, ராமாமணி. வந்தா என் பக்கத்துல சோபாவுல உக்காரோணும்."

அவள் ஆறிப்போன காப்பியை எடுத்துக்கொண்டாள்.

"நான் வருவனுங்க. எங்க உக்காருவேன்னு அங்க வந்து பாத்துக்கங்க."

அந்த வீட்டில் அவரிடம் யாரும் இப்படிப் பேசியதில்லை. குரல் உயரவில்லை என்பதுதான் அவரை அதிகமாக அதிர வைத்தது.

*

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் எள் போட்டால் எள் விழாது. லட்சுமணசாமிக்குப் பக்கத்தில் சோபாவில் ஓர் இடம் காலியாகவே இருந்தது. வருகிறவர் போகிறவரெல்லாம், "அம்மா வரலீங்களா?" என்று கேட்டார்கள். அவர் தலையை ஆட்டினார். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

எதிர்க் கேலரியில் நடுப்படியில் அவள் நின்றாள். பக்கத்தில் வாட்டசாட்டமாக ஓர் இளைஞன் மேளத்தை இறுக்கிக்கொண்டிருந்தான். அவன்தான் ரூபனாக இருக்க வேண்டும். அவன் ஏதோ சொல்ல, அவள் அவன் முதுகில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினாள்.

முதல் செட்டை ரங்கப்பா கிளப் எடுத்தது. இரண்டாவதில் பவானி முந்தியது. மேளம் எழுந்தது, ராமாமணி வாயைத் திறந்தாள். முதல் வார்த்தை வருவதற்குள் மைதானமே அதிர்ந்தது. சோபாவுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்த ஸ்பீக்கர் பெட்டிகளிலிருந்து ஏதோ குத்துப் பாட்டு இடி மாதிரி கொட்டியது. அவர் வேட்டி நுனிகூட நடுங்கியது.

எதிரே அவள் வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. ரூபன் கை வலிக்க அடித்தான், அதுவும் கேட்கவில்லை.

கோபாலசாமி காதருகே குனிந்து கத்தினார். "நான்தானுங்ணா ஏற்பாடு பண்ணினேன்! அவங்க வாயைத் தொறந்தாப் போதும், இவனுங்க போட்டுருவானுங்க! நம்ம மானம் தப்பிச்சுது பாருங்க!"

லட்சுமணசாமி எதிரே பார்த்தார். அவள் பாடிக்கொண்டேதான் இருந்தாள், கழுத்து நரம்பு புடைக்க. பவானிக் கூட்டம் கையை ஆட்டி ஆட்டி ஸ்பீக்கரைக் காட்டியது. பின்வரிசையில் யாரோ யாரிடமோ சொன்னது, பாட்டு இறங்கின ஓர் இடைவெளியில் அவர் காதில் தெளிவாக விழுந்தது.

"பொண்ணூட்டுக்காரங்க பாட்டுக்குப் பதில் பாட்டுப் பாடத் துப்பில்லாம பெட்டியைத் தொறந்து உட்டிருக்கானுங்க பாரு, பெரிய ஊட்டு ஆளுங்க."

முந்தின நாள் இரவு முழுக்க அவர் பயந்த அவமானம் வேறு. எதிர்க் கேலரியிலிருந்து வரப்போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தால், அது சோபாவுக்குப் பின்னாலிருந்து வந்து நிற்கிறது. கல்யாணப் பந்தியில் பெண்வீட்டார் பாடும்போது நாதஸ்வரக்காரனை ஊதச் சொல்லி அமுக்கின மாப்பிள்ளை வீடு என்று ஏதாவது உண்டா? அப்படிப்பட்ட வீட்டில் யாராவது பெண் எடுப்பார்களா, கொடுப்பார்களா?

அவர் எழுந்தார்.

"அதை நிறுத்தச் சொல்லு."

"என்னுங்ணா?"

"நிறுத்துடான்னேன்! எங்கப்பன் பேர்ல நடக்கற இடத்துல, பாடற பொம்பளை வாயில துணி அடைக்கறயா நீயி?"

கோபாலசாமி அசையவில்லை. லட்சுமணசாமியே பின்னால் போய், ஸ்பீக்கர்க்காரனை முறைத்து நின்றார். அவன் பயந்துபோய் எதையோ பிடுங்கினான்.

சத்தம் சட்டென்று அறுந்தது. ஆடிக்கொண்டிருந்தவர்களே ஒரு நிமிஷம் நின்று திரும்பிப் பார்த்தார்கள். ஊரே பார்க்க, அவர் திரும்ப வந்து சோபாவில் உட்கார்ந்தார். இனிமேல் என்ன வந்தாலும் அது அவராகவே கேட்டு வாங்கிக்கொண்டது.

எதிரே ராமாமணியும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரூபனிடம் ஏதோ சொன்னாள். அவன் கண்ணை அகல விரித்தான். அப்புறம் மெதுவாக அடிக்கத் தொடங்கினான்.

"சோபாவுல ஒக்காந்தாரு சொக்கத்தங்க மாப்பிள்ளை,
சொன்ன சொல்லு மாறாத சூராதி சூரரு!
முதுகு வளையாத மாப்பிள்ளைக்கு முட்டுக் கொடுத்தது யாருங்கோ?
மூணுவேளை காப்பி போட்ட பவானிப் பொண்ணுதானுங்கோ!"

ஆயிரம் தலைகள் அவர் பக்கம் திரும்பின. பவானிக் கூட்டம் கடைசி வரியைத் திருப்பியது. "தானுங்கோ!" என்பதில் துடியலூர்க் கேலரியிலும் சில குரல்கள் கலந்ததை அவர் கேட்டார். அவருடைய ஃபேக்டரி ஆட்கள்தான். கோபாலசாமி அவர் முழங்கையைப் பிடித்தார்.

"எந்திரிங்ணா. போயிரலாம். இதுக்கு மேல இங்க இருக்கோணுமா?"

"கையை எடு."

"அண்ணா, ஊரே சிரிக்குது."

"சிரிக்கட்டும். எந்திரிச்சுப் போனாத்தான் மானம் போகும். உக்காரு."

அவர் அசையவில்லை. அவள் இன்னொரு அடி பாடினாள். அவருடைய மூக்கு வந்தது, சிக்கனம் வந்தது, காரில் ஏசி போடாமல் ஜன்னலைத் திறந்து வைப்பதுகூட வந்தது. இதெல்லாம் இவள் எப்போது கவனித்தாள், எங்கே சேர்த்து வைத்திருந்தாள்? இத்தனை வருஷமாகக் கூடவே இருந்த பெண்ணை யாரோ ஓர் அந்நிய மனுஷியைப் பார்ப்பது போல அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் குரல் இவ்வளவு பெரியது என்று அவருக்குத் தெரியவே தெரியாது. பூஜையறைக் கதவுக்குத் தகுந்தாற்போல அதைச் சுருக்கி வைத்திருந்தாள் போலும்.

ஐந்தாவது செட்டில், நூலிழையில், ரங்கப்பா கிளப் ஜெயித்தது.

துடியலூர்க் கேலரி கத்தியது, விசில் அடித்தது, கொஞ்ச நேரத்தில் ஓய்ந்துபோனது. கோப்பையை அவர் கேப்டன் கையில் கொடுத்தபோது போட்டோக்காரர்கள் சத்தம் மட்டும்தான் இருந்தது. அப்போது எதிர்க் கேலரியில் மேளம் மறுபடியும் எழுந்தது. தோற்ற கூட்டம் பாடியது. தோற்ற பையன்கள் படிக்கட்டில் ஏறி, வியர்வையோடு ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டுக்கொண்டு, ராமாமணியைச் சுற்றி நின்று பாடினார்கள். ஜெயித்தவர்கள் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அதை வேடிக்கை பார்த்தார்கள்.

"தோத்துட்டு எதுக்குடா பாடறாங்க?" என்றார் லட்சுமணசாமி.

கூட்டம் கலைந்து அவர் கார் பக்கம் வந்தபோது, ராமாமணி முன் கதவருகே நின்றிருந்தாள். பட்டைச் சட்டையைக் கழற்றவில்லை. தொண்டை கட்டிப்போயிருந்தது.

"கோவமுங்களா?"

அவர் கார் சாவியைத் தேடினார். சட்டைப் பையில்தான் இருந்தது. இருந்தும் கொஞ்ச நேரம் தேடினார்.

"கோவப்பட்டாத் தோத்ததா அர்த்தமாச்சே."

"அப்பக் கோவமில்லீங்களா?"

"கோவந்தான்," என்றார் லட்சுமணசாமி, முதுகை நிமிர்த்திக்கொண்டு. "ஆனா சொல்ல மாட்டேன்."