துளைகளை மூடிய டேப்

கஜேந்திரனுக்கு அது நினைவுக்கு வந்தபோது பஸ் இரத்தினபுரி டவுனுக்குள் நுழைந்துவிட்டிருந்தது. இடது உள்ளங்கையை விரித்துப் பார்த்தான். வெறுமையாக இருந்தது.

காலையில் அதில் 'டேப் 2' என்று பேனாவால் எழுதியிருந்தான்.

இரத்மலானையில் ஒரு சின்ன விமானக் கம்பனியில் அவனுக்கு வேலை. ஏழு பேர் போகும் விமானம் ஒன்றுக்கு அன்று புது ட்ரான்ஸ்பாண்டர் பூட்டி முடித்திருந்தான். தரையிலுள்ள ரேடார் "நீ யார்?" என்று கேட்டால், அந்தப் பெட்டி நான்கு இலக்க எண்ணையும் பறக்கும் உயரத்தையும் பதிலாக அனுப்பும். போன தீபாவளிக்கு இதை அப்பாவிடம் விளக்கியபோது அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஆகாசத்துல போனாலும் ஐடென்டிகாட் கேப்பானுங்களாடா?"

உயரத்தைப் பெட்டி தானாக அறியாது. விமானத்தின் இரு பக்கமும் உள்ள சிறு துளைகள் வழியே வரும் காற்றின் அழுத்தத்தை அளந்துதான் சொல்லும். விமானி பார்க்கும் உயரமானிக்கும் அதே காற்றுதான். அந்தக் குழாயிலிருந்து புதுக் கருவிக்குக் கிளை எடுத்தால், எங்காவது கசிகிறதா என்று துளைகளை டேப்பால் அடைத்துச் சோதிக்க வேண்டும். சிவப்பு டேப் முடிந்துபோயிருந்தது. விமானத்தின் வெள்ளை உடலில் கண்ணுக்குத் தெரியாத வெள்ளை டேப்பை ஒட்டிவிட்டு, மறக்கக்கூடாதென்று கையில் எழுதிக்கொண்டான்.

சோதனை முடிந்த நேரத்தில்தான் ஊரிலிருந்து மனைவி கிருஷ்ணகுமாரியின் அழைப்பு ஆபீஸ் போனுக்கு வந்தது.

"என்னங்க, மாமா நம்மள விட்டுட்டுப் போயிட்டாருங்க. தலைக்குத் தண்ணி ஊத்திட்டு ஒடனே பொறப்படுங்க. மழை எறங்குறதுக்குள்ள, மூணு மணிக்கு எடுக்கணும்னு தம்பி சொல்றாரு. மூத்தவரு நீங்க வந்துதான் எல்லாம்."

பைப்படியில் நின்று சோப்புப் போட்டுக் குளித்தான். எழுத்து அதோடு போயிற்று. வேலையைச் சரிபார்க்க வேண்டிய இன்ஜினியர் அவன் முகத்தைப் பார்த்தார். இரக்கப்பட்டு, விமானத்தருகே போகாமலே கையெழுத்திட்டு அனுப்பிவைத்தார்.

இரண்டு மணிக்கு அந்த விமானம் மலைப்பக்கம் பறக்கிறது. மேகத்துக்குள் நுழைந்தாலும் உயரமானியின் முள் தரையிலேயே நிற்கும். பெட்டியும் அதையேதான் சொல்லும்.

பஸ் நின்றதும் இறங்கி ஓடினான். ஸ்டாண்டுக்கு எதிரே கொமியூனிகேஷன் என்ற போன் கடை வைத்திருந்த காமில் அவனோடு படித்தவன்.

"என்னடா மச்சான், பேயக் கண்டவன் மாதிரி வாறே?"

"அப்பா செத்துட்டாருடா. அதுக்கு முன்னால ஒரு கோல் எடுக்கணும்."

நம்பரைச் சுற்றினான். எங்கேஜ். மறுபடியும் எங்கேஜ். பிறகு மணி அடித்தும் யாரும் எடுக்கவில்லை. வெளியே அவன் ஊருக்குப் போகும் கொடகவெல பஸ் ஹோர்ன் அடித்தது.

"நம்பரத் தந்துட்டுப் போடா. நான் சொல்றேன்," என்றான் காமில்.

"எந்த எடத்துல ஒட்டியிருக்குன்னு ஒனக்குத் தெரியாதுடா. கடைக்காரன் சொல்லி பிளேன நிப்பாட்டுவானுங்களா? ஒட்டுனவன் நான்."

பஸ் போய்விட்டது. காமில் ஸ்டூலை இழுத்துப் போட்டான்.

ஒன்று நாற்பதுக்கு இன்ஜினியர் எடுத்தார். கஜேந்திரன் சிங்களத்தில் திக்கித் திக்கிச் சொன்னான். போனைத் துண்டிக்காமல் மேசையில் வைத்துவிட்டு ஓடியவர் ஐந்து நிமிடத்தில் மூச்சிரைக்கத் திரும்பி வந்தார். டேப் இரண்டு பக்கமும் இருந்தது; உரித்தெடுத்துவிட்டார். ஆட்கள் ஏறி உட்கார்ந்திருந்தார்கள்.

"அங்கேயே இரு. குழாயை எங்கெங்கே கழற்றினாய் என்று எழுதியெடுக்க வேண்டும். திரும்ப எடுக்கிறேன்" என்றார். அந்த அழைப்பு வர முக்கால் மணி நேரமானது. கடைசியில், கடிதம் வரும்வரை வேலைக்கு வரவேண்டாமென்றும் சொன்னார்.

காமில் பிடித்துத் தந்த த்ரீவீல் ஆட்டோ மழையில் மேடேறி, தேயிலைத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது நாலு மணி கடந்திருந்தது. தொழிலாளர் லயத்து வாசலில் தப்பு மேளம் ஓய்ந்திருந்தது. மொட்டைத் தலையோடு தம்பி கிருஷ்ணராஜ் புதைகுழிப் பக்கமிருந்து வந்தான்.

"எங்கண்ணே போன?"

கஜேந்திரன் நடந்ததைச் சொன்னான். தம்பி தலையிலிருந்து வழிந்த மழையைத் துடைக்காமல் கேட்டான்.

"பிளேன்ல எத்தன பேரு?"

"ஏழு."

"சரிதான்ணே. இங்க அப்பா ஒரு ஆளுதான?"

சொல்லிவிட்டு உள்ளே போனவன், கதவருகே நின்று சுவரில் முகத்தை வைத்து அழுதான். அவன் தோளைத் தொடக் கஜேந்திரனுக்குக் கை எழவில்லை.

கிருஷ்ணகுமாரி குடையை விரித்துக்கொண்டு அவனைப் புதுமண்மேட்டுக்கு அழைத்துப்போனாள்.

"மூணு மணி தாண்டியும் புடிச்சு வச்சேங்க. மழை பலத்துருச்சு, குழிக்குள்ள தண்ணி எறங்க ஆரம்பிச்சிருச்சு. அதுக்கு மேல என்னால சொல்ல முடியலிங்க."

சேலை முந்தானையின் முடிச்சை அவிழ்த்தாள். ஒரு பிடி அரிசி.

"மூத்தவரு போடுற வாய்க்கரிசின்னு எடுத்து வச்சேன்."

அவன் வாங்கிக்கொண்டு குனிந்தான். தலைமாடு எந்தப் பக்கம் என்று அவனுக்குத் தெரியவில்லை. அவள்தான் காட்டினாள். ஈர மண்ணில் அரிசி விழுந்து ஒட்டிக்கொண்டது. மழை அதையும் மெல்ல மேட்டின் ஓரத்துக்கு இழுத்துக்கொண்டு போவதை இருவரும் ஒரே குடைக்குள் நின்று பார்த்தார்கள்.