பத்தொன்பது முடிச்சு

ஆத்தப்பனுக்கு மில்லிலிருந்து காகிதம் வந்தது திங்கட்கிழமை. செவ்வாய்க்கிழமை காலை ஷிப்டு தொடங்கிக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை, பனியன் கம்பெனியில் அந்தக் காகிதத்தை ஆளாளுக்கு மனப்பாடமாக ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். உண்மையில் அதைப் படித்தவன் கிட்டுசாமி ஒருத்தன்தான். மற்றவர்கள் காதில் விழுந்ததை வைத்துத் தீர்ப்புச் சொன்னவர்கள்.

பழனாத்தாள் கையில் இருந்த வேலையைப் பார்த்தாள். அவளுக்குக் கைமடி வேலை. வெட்டின துணியை மடித்து, ஓரம் சேர்த்து, டெய்லரின் ஊசிக்கு முன்னால் நீட்ட வேண்டும். இடது கைப்பக்கம் பொங்கியண்ணன், வலது கைப்பக்கம் கிட்டுசாமி, நடுவில் ஒரு பலகை, பலகைமேல் அவள். இரண்டு டெய்லர்களுக்கும் எதிலும் ஒத்துப்போகாது. துணியும் வசவும் அவளைத் தாண்டித்தான் போய் வரும்.

ஆத்தப்பன் அவளுடைய தம்பி. இருபது வயசு. நாலு வருஷம் அதே பலகையில் உட்கார்ந்து இதே இருவருக்கும் கைமடி போட்டவன். இந்த வருஷம் திருப்பூர் டவுன் பேஸ்கட்பால் கிளப்பில் அவனை எடுத்துக்கொண்டார்கள். சாயங்காலப் பயிற்சிக்காக அவன் அரை ஷிப்டுக்கு அயர்ன் டேபிளுக்குப் போய்விட்டான், செக்கிங்கில் இருந்த அக்கா பலகைக்கு வந்தாள். அவன் ஆடும் இடம் கார்டு. பந்தை எடுத்துக்கொண்டு போவதும் பிரித்துக் கொடுப்பதும் அவன் வேலை. ரிங்கில் போடுவதற்குக் கந்தவேல் இருந்தான், ஆறடி மூன்றங்குலம்.

ஆட்டக்காரனுக்கு வேலை கொடுத்து டீம் கட்டுவது அப்போது மில்களுக்கு வழக்கம். பல்லடம் ரோட்டு நூல் மில் இந்த இரண்டு பேரையும் கேட்டிருந்தது. கந்தவேலுக்கு நேராகப் பெர்மனென்ட். ஆத்தப்பனுக்கு அப்படி இல்லை, ஒரு வருஷம் டெம்பரவரி. அந்த வருஷத்தில் ஆட்டத்துக்குப் பத்து பாயிண்ட் வீதம் அவன் போட்டிருந்தால் பெர்மனென்ட், போடாவிட்டால் டீமும் இல்லை, வேலையும் இல்லை. சனிக்கிழமை பைனலைப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வாங்க மில்லின் லேபர் ஆபீசர் மருதாசலம் நேரில் வருவதாகக் காகிதத்தின் கடைசி வரியில் போட்டிருந்தது.

ஆத்தப்பன் ஆட்டத்துக்கு நாலு பாயிண்ட் போடுவான். நல்ல நாளில் ஆறு.

பொங்கியண்ணனுக்கு இதில் சந்தேகமே கிடையாது. மில்காரன் சொன்னது நியாயம் என்றான். "ஏண்டா கிட்டு, நீயும் நானும் டஜனுக்குத்தான தைக்கறம்? தைச்ச டஜனுக்குக் கூலி, போட்ட பாயிண்டுக்கு வேலை. ஊருக்கொரு சட்டமா?"

மொத வருஷக்காரனை இப்படி நிறுக்கக் கூடாது என்பது கிட்டுசாமியின் கட்சி. நட்ட அன்றைக்கே காய் பறிக்கிறவன் உண்டா என்று கேட்டான். காய்க்கிற மரம் மூணு இலையிலேயே தெரியும் என்று பதில் வந்தது. உன் கல்யாணத்தில் உன்னைப் பார்த்து உன் மாமனார் அப்படித்தான் நினைத்தார், ஏமாந்துபோனார் என்றான் கிட்டுசாமி. வரிசை முழுக்கச் சிரித்தது. பொங்கியண்ணன் அசரவில்லை, ஓடு ஓடென்று ஓடி அடுத்தவன் கையில் பந்தைக் கொடுத்துவிட்டு வருகிறவனுக்கு மில் எதற்குச் சோறு போட வேண்டும் என்று கேட்டான். கேட்டுவிட்டு, "அம்மிணிக்கு நாஞ் சொல்றது கசக்கும்" என்று ஒரு வார்த்தை சேர்த்தான்.

பழனாத்தாள் அவன் பக்கம் ஒரு துணி, இவன் பக்கம் ஒரு துணி நீட்டிக்கொண்டிருந்தாள். கசக்கத்தான் செய்தது. மில்லில் பெர்மனென்ட் என்றால் போனஸ் உண்டு, காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரி உண்டு. பனியன் கம்பெனியில் இன்றைக்கு வேலை, நாளைக்கு நூல் வரவில்லை என்று கதவைச் சாத்தினால் சாத்தினதுதான். அப்பன் செத்த வருஷம் அந்தச் சாத்தின கதவுக்கு முன்னால் பதினெட்டு நாள் உட்கார்ந்தவள் அவள்.

புதன்கிழமை அரை இறுதி. பழனாத்தாள் போகவில்லை, ஷிப்டு இருந்தது. மறுநாள் காலை பொங்கியண்ணன் வரும்போதே முகமெல்லாம் பல். பையன் பன்னிரண்டு பாயிண்ட் போட்டுவிட்டானாம். சொன்னால் உறைக்கிறது பார் என்றான், ஏதோ அவனே ரிங்கில் போட்ட மாதிரி. கிட்டுசாமியும் சந்தோஷமாக இருந்தான். டீம் ஒரே பாயிண்டில் தப்பித்தது என்பதையும், அதுவும் எதிராளி கடைசி ப்ரீ த்ரோவைக் கோட்டைவிட்டதால்தான் என்பதையும் இரண்டு பேரும் போகிறபோக்கில் சொன்னார்கள்.

பழனாத்தாளுக்கு முந்தின நாளே தெரியும். வேலம்பாளையத்தில் அவர்கள் குடியிருந்த லைன் வீட்டில் ஆத்தப்பன் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், ஒரு வாய் உள்ளே போகவில்லை. பன்னெண்டு போட்டாயாமே, பொறகென்ன என்று கேட்டாள்.

"போட்டேன். பத்து எடத்துல கந்தவேலு ஆளில்லாம நின்னான், அக்கா. பாத்துட்டே குடுக்காம நானே போட்டேன். பாதிக்கு மேல வெளிய போச்சு."

சனிக்கிழமை என்ன செய்யப்போகிறாய் என்றாள். தெரியவில்லை என்றான். அவளுக்கும் தெரியவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம், தைத்த உருப்படிகளைக் கட்டிவைக்கிற நேரம். பன்னிரண்டு சேர்ந்ததும் அந்தந்த டெய்லரின் வேஸ்ட் துணிப் பட்டையில் ஒரு முடிச்சுப் போடுவது கைமடியின் வேலை. சாயங்காலம் கணக்குப்பிள்ளை முடிச்சை எண்ணி டெய்லரின் பேரில் டஜனை ஏற்றுவார். பொங்கியண்ணன் பட்டையில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தவள் பாதியில் கையை நிறுத்தினாள். முடிச்சுப் போடுகிறது இவள் கை. பேர் ஏறுகிறது அவனுக்கு. இத்தனை நாளாக அதை ஒரு விஷயமாகவே அவள் நினைத்ததில்லை. துணி வரவில்லை என்று பொங்கியண்ணன் கத்தினபிறகுதான் கை மறுபடி ஓடியது.

சனிக்கிழமை அரை நாள் லீவு சொல்லிவிட்டு நாலரை மணிக்கு ஹைஸ்கூல் மைதானத்துக்குப் போனாள். மரப்பலகை கேலரியில் ஊரே ஏறி உட்கார்ந்திருந்தது. பொங்கியண்ணனும் கிட்டுசாமியும் இடம் பிடித்து வைத்திருந்த வரிசையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். இடுப்பில் செருகி வந்த சிவப்பு வேஸ்ட் பட்டையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

அதென்ன, முருகனுக்கு வேண்டுதலா என்றான் பொங்கியண்ணன்.

"டஜன் போடறதுக்கு" என்றாள்.

எதிரே கோயமுத்தூர் டீம். எல்லாம் வாட்டசாட்டமான ஆட்கள். முதல் பத்து நிமிஷம் ஆத்தப்பன் புதன்கிழமை ஆட்டத்தையே ஆடினான். ஆறு தடவை அவனே எறிந்தான், இரண்டு விழுந்தது. பொங்கியண்ணன் ஒவ்வொன்றுக்கும் எழுந்து நின்றான். அதற்குள் கோயமுத்தூர் ஒன்பது பாயிண்ட் முன்னால் போய்விட்டது. பழனாத்தாளின் பட்டை வழவழவென்று கிடந்தது.

கோச் டைம் அவுட் கேட்டார். ஆட்டக்காரர்கள் அவரைச் சுற்றி நின்றார்கள். ஆத்தப்பன் மட்டும் உட்கார்ந்து, ஷூ கயிற்றை அவிழ்த்து, மறுபடி இறுக்கிக் கட்டினான். கேலரிப் பக்கம் திரும்பவே இல்லை. எழுந்து உள்ளே போனவன் பிறகு ரிங்கை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அப்புறம் நடந்ததைப் பார்க்கக் கண் பத்தாது. பந்து அவன் கைக்கு வரும், வந்த சுருக்கில் போய்விடும். முகம் ஒரு பக்கம், பந்து ஒரு பக்கம். இடது புறம் கந்தவேல், வலது புறம் இன்னொருத்தன், மறுபடி இடது புறம். எங்கே ஆள் வந்து நிற்கப்போகிறானோ அங்கே பந்து முன்னாலேயே போய்க் காத்திருக்கும். பழனாத்தாளுக்கு அந்தக் கை அசைவு தெரியும். பலகையில் உட்கார்ந்து நாள் முழுக்க அவளும் அதைத்தான் செய்கிறாள். அவன் கொடுத்த பந்து விழுந்தபோதெல்லாம் ஒரு முடிச்சுப் போட்டாள். விழாததற்குப் போடவில்லை.

பொங்கியண்ணனுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. டீம் ஏறிக்கொண்டு வருவது சந்தோஷம்தான், ஆனால் பையனின் பாயிண்ட் நாலிலேயே நிற்கிறதே. போடு, போட்டுத் தொலை, வேலை போகுதுடா என்று தொண்டை கிழியக் கத்தினான். கத்தக் கத்தப் பழனாத்தாள் பக்கத்தில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

கடைசி அரை நிமிஷம். கோயமுத்தூர் அறுபத்து மூன்று, திருப்பூர் அறுபத்து இரண்டு. பந்து ஆத்தப்பனிடம். அவனுக்குக் காவல் நின்றவன் கால் வழுக்கி விழுந்தான். ரிங்குக்கு நேர் முன்னால் கதவைத் திறந்துவிட்டது போல வழி. கேலரி மொத்தமும் எழுந்து போடு என்றது. கிட்டுசாமியும் சொன்னான். ஆத்தப்பன் எகிறினான். இரண்டு பேர் ஓடிவந்து கூடவே எகிறினார்கள், இன்னும் இரண்டு பேர் கந்தவேலைச் சுற்றிக் கையை விரித்தார்கள். ஆத்தப்பன் அந்தரத்தில் இருந்தபடியே பந்தை முதுகுக்குப் பின்னால் தள்ளிவிட்டான். ரிங்குக்கு அடியில் சின்னான் என்று ஒரு ஒல்லிப் பையன், அன்றைக்குப் பத்து நிமிஷம்கூட ஆடாதவன், தனியாக நின்றிருந்தான். பந்து வந்து கையில் விழுந்த பிறகுதான் அவனுக்கே தெரிந்தது. மேலே தூக்கிவிட்டான். விழுந்தது. விசில் ஊதியாயிற்று.

பொங்கியண்ணன் கிட்டுசாமியை இடுப்போடு கட்டித் தூக்கினான். வாரம் பூராவும் திட்டிக்கொண்டது ஒருத்தருக்கும் நினைவில்லை. பழனாத்தாள் கடைசி முடிச்சை இழுத்து இறுக்கிவிட்டுக் கீழே இறங்கினாள்.

ஸ்கோர் எழுதுகிற மேஜைக்குப் பக்கத்தில் மருதாசலம் காகிதத்தை விரித்து வைத்திருந்தார். தம்பி வியர்வை சொட்ட எதிரே நின்றான். அவர் கெட்ட மனுஷன் இல்லை. பையன் நன்றாக ஆடினான் என்று மனசாரச் சொன்னார். ஆனால் தாளில் நாலுதானே இருக்கிறது, எழுதின விதியைச் சும்மா மாற்றிவிட முடியுமா, ஒரு வருஷம் முயற்சி பண்ணிப் பார்க்கட்டும் என்று பேனாவை நீட்டினார்.

தம்பி பேனாவை வாங்குவதற்குள் பழனாத்தாள் சிவப்புப் பட்டையைக் காகிதத்தின்மேல் வைத்தாள்.

என்னம்மா இது என்றார்.

"இவன் குடுத்து மத்தவங்க போட்டதுங்க. எண்ணிப் பாருங்க, பத்தொம்போது இருக்குது."

அவர் சிரித்தார். நீ யார் என்று கேட்டார். அக்கா என்றதும், அக்கா போட்ட முடிச்சு எப்படிச் செல்லும் என்றார். நியாயமான கேள்விதான்.

பின்னால் பொங்கியண்ணன் வந்து நின்றிருந்தான். கத்திக் கத்திக் குரல் போயிருந்தது. "செல்லுமுங்க. நாந் திட்டத் திட்டப் பக்கத்துல உக்காந்து போட்டா, ஒவ்வொண்ணும் என்ற கண்ணு முன்னால." அவன் ஆத்தப்பனைக் கை காட்டினான். "இவன் நாலு வருசம் எனக்குக் கைமடி. ஒரு நாளும் நாந் திரும்பிப் பாத்துத் துணி வாங்குனதில்லீங்க. டஜன் பூராவும் என்ற பேருல ஏறுச்சு. நாந்தான் தைச்சேன்னு நெனச்சுட்டு இருந்தேன்."

கழுத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்த கந்தவேல், புதன்கிழமைத் தாளையும் எடுத்துப் பாருங்க சார் என்றான். மருதாசலம் எடுத்தார். புதன்கிழமை ஆத்தப்பன் பன்னிரண்டு, கந்தவேல் எட்டு. இன்றைக்கு ஆத்தப்பன் நாலு, கந்தவேல் இருபத்தெட்டு. இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு பட்டையை எடுத்து விரலால் தள்ளித் தள்ளி முடிச்சுகளை எண்ணினார். எண்ணி முடித்துக் காகிதத்தில் பத்து பாயிண்ட் வரியை அடித்தார், டெம்பரவரி என்றிருந்ததையும் அடித்தார், கந்தவேலுக்கு எழுதினதையே எழுதி ஓரத்தில் கையெழுத்துப் போட்டார்.

சரிதானே என்று பழனாத்தாளைக் கேட்டார்.

"இன்னொண்ணு எழுதோணுங்க. ஆட்டத்துல காலு கையி போனாலும் மில்லுல வேலை இருக்குதுன்னு."

அக்கா என்று தம்பி முணுமுணுத்தான். இதெல்லாம் யார் உனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள் என்றார் மருதாசலம்.

"யாருஞ் சொல்லலீங்க. பவர் டேபிள் மிஷின்ல வெரலு போனவங்களுக்கு மறுநாளு என்னாச்சுன்னு பாத்திருக்கறேன்."

அவர் குனிந்து அதையும் எழுதினார்.

கிட்டுசாமி காகிதத்தை வாங்கி உரக்கப் படித்தான். பொங்கியண்ணன் மறுபடி படிக்கச் சொன்னான். அடித்த வரிகளையும் படி, அதுதான் கேட்கக் கேட்க இனிக்கிறது என்றான். ஆத்தப்பன் கையெழுத்துப் போட்டு நிமிர்வதற்குள் அவனைத் தோளில் தூக்கிவிட்டார்கள். ஊர்வலம் மார்க்கெட் வரைக்கும் போயிற்று. வழியில் இருந்த அத்தனை டீக்கடைக்காரனும் அன்றைக்கு வள்ளல்.

திங்கட்கிழமை காலை பவர் டேபிள் ஓடத் தொடங்கினதும் சண்டையும் தொடங்கிவிட்டது. சிவப்புப் பட்டை பொங்கியண்ணனின் மிஷின் தலையில் மாலையாகத் தொங்கியது, அவன்தான் கேட்டு வாங்கிக் கட்டியிருந்தான். ஆனாலும் முடிச்சு பதினெட்டுதான் என்று சாதித்தான். சின்னானுக்குப் போன பந்து எதிராளி கையில் பட்டுவிட்டுப் போயிற்றாம், அதை எப்படிச் சேர்க்க முடியும் என்றான். உனக்குக் கண் அவிந்துபோச்சு என்றான் கிட்டுசாமி.

"பத்தொம்போது" என்றாள் பழனாத்தாள், இடது கையால் துணியை நீட்டிக்கொண்டே. அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

பொங்கியண்ணன் திரும்பி அவள் கையைப் பார்த்துத் துணியை வாங்கினான். திரும்பின நேரத்தில் ஊசிக்கு அடியில் இருந்த துணியில் தையல் கோணலாக ஓடிவிட்டது. வைதுகொண்டே அதைப் பிரிக்க உட்கார்ந்தான்.