ஏழு மைல் அதிகம்

போர்ட் பிளேரிலிருந்து சென்னைக்கு வரும் விமானம் முப்பத்தாறாயிரம் அடியில் அசையாமல் நிற்பது போலிருந்தது. கீழே கடல் தெரியவில்லை. உதறி விரிக்காத வெள்ளைத் துணியாக மேகம் கிடந்தது. மாலை வெயில் இரண்டு விமானிகளின் மடியிலும் வந்து உட்கார்ந்திருந்தது.

வலது இருக்கையில் சான்ட்ரா. இடது இருக்கையில், அவளைச் சோதிக்க வந்த கேப்டன் அப்துல் கய்யூம். போன சோதனையில் தாமதமாக இறங்கத் தொடங்கி, ஓடுபாதை வந்த பிறகும் உயரத்திலேயே மிதந்தாள். இன்றும் பிசகினால் மறுபடி பயிற்சி வகுப்புதான்.

“எப்போ இறங்கப் போற?”

“சென்னைக்கு நூத்தி இருபத்தஞ்சு மைல் இருக்கும்போது சார்.”

“மனக்கணக்கா? சொல்லு.”

“ஆயிரம் அடி இறங்க மூணு மைல். முப்பத்தாறுக்கு நூத்தியெட்டு. வேகம் குறைக்க ஒரு பத்து.”

“நூத்திப் பதினெட்டுதானே ஆச்சு? மிச்சம் ஏழு இன்னாத்துக்கு? பயத்துக்கா?”

சான்ட்ரா விரல் விட்டு மறுபடி எண்ணினாள். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

“ஐயோ, சாந்தோம் சார்!”

“சாந்தோமுக்கு இன்னா?”

“எங்க வீட்டு மொட்டை மாடியிலதான் தினமும் இந்தக் கணக்கப் போட்டுப் பழகினேன். சர்ச் கோபுரம்தான் எனக்கு ஓடுபாதை. அங்கேருந்து ஏர்போர்ட் ஏழு மைல். கோபுரத்துலயே இறங்குற மாதிரி போட்டுட்டேன்.”

“கோபுரத்துல சக்கரத்த வெச்சா, ஃபாதர் பூசைய நிறுத்திட்டு ஓடி வருவாரும்மா!”

“அவரு மன்னிச்சிடுவாரு சார். மாடியில எங்கம்மா மிளகா காயப் போட்டிருப்பாங்க.”

சிரிப்பு அடங்கியது. இறங்க அனுமதி வந்திருந்தது. நூற்றி இருபத்தைந்து கடந்தது. ‘இப்பவே இறங்கு’ என்றது பழைய பயம். உயரத்தைக் குறைக்கும் குமிழின் மேல் விரலை வைத்தபடி காத்திருந்தாள். ஏழு மைல் அங்கே ஒரு நிமிடம்கூட இல்லை. அதற்குள் ஒரு பிற்பகல் தூங்கி எழுந்தது போலிருந்தது.

நூற்றிப் பதினெட்டு. திருகினாள். விமானத்தின் மூக்கு தாழ்ந்தது. மேகம் எழும்பி வந்து கண்ணாடியைத் தடவி, எல்லாவற்றையும் வெண்மையாக்கி, மெல்லக் கடலை விட்டுக்கொடுத்தது. பத்து மைலில் உயரம் மூவாயிரம் காட்டியது. கணக்கு சரியாக வந்திருந்தது. சக்கரங்கள் ஓடுபாதையைத் தொட்டது அவளுக்கே சற்றுத் தாமதமாகத்தான் தெரிந்தது.

எஞ்சின் நின்றதும் அவர் படிவத்தை எடுத்தார்.

“அந்த ஏழு மைல எழுதட்டா?”

“எழுதுங்க சார். நானே கண்டுபிடிச்சதையும் எழுதுங்க.”

“கறாரான பொண்ணுதான்.” இரண்டையும் எழுதிக் கையெழுத்திட்டார்.

“நாளைக்கு யாரோட பறக்கணும் சார்?”

“இனிமே யாரோட வேணா பற.”