வெர்னா வளைத்த குழாய்

எங்கள் ஆட்டுப்பட்டி மேட்டின் உச்சியில் இருக்கிறது. அங்கே கிணறு கிடையாது. வாரம் மூன்று முறை ஊர்மன்றக் குழாயில் ஐந்நூறு கேலன் தண்ணீர் பிடித்து, டிரெய்லர் தொட்டியில் ஏற்றி, என் பழைய பிக்கப்பை ஒன்பது மைல் ஏற்றத்தில் இழுக்கவிடுவேன். அந்த ஜூலையில் வண்டி திணறியது. கியர் ஆயில் கருகி நாறியது.

"ஆயிலை ஆற வைக்கத் தனியா ஒரு கூலர் மாட்டினா சரியாயிடும் மாப்ளே, ஒரு மணி நேர வேலை" என்றான் என் மனைவியின் தம்பி எமர்சன். சொன்னபடியே ஒரு மணி நேரத்தில் மாட்டியும் விட்டான்.

செவ்வாய்க்கிழமை எமர்சனோடு தண்ணீர் ஏற்றிப் போகையில், பாதி ஏற்றத்தில் ஏதோ படக்கென்று கழன்றது. எஞ்சின் உறுமியது, சக்கரம் நகரவில்லை. எங்களுக்குப் பின்னால் சாலை நெடுகச் சிவப்பாய் ஆயில்.

அந்த வழியாக வெர்னா தன் பிக்கப்பில் வந்தாள். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். எங்கள் குலம், எனக்கு அக்கா முறை. வண்டியைப் பார்ப்பதற்கு முன்னால் தண்ணீரைப் பார்த்தாள்.

"எத்தனை ஆடு?"

"அறுபது, அக்கா. நேத்துக் காலைல குடிச்சது."

"அப்ப ஆடு முதல்ல." டிரெய்லரைத் தன் வண்டியில் பூட்டிக்கொண்டு மேலே போய் ஊற்றிவிட்டு வந்தாள்.

மறுநாள் காலை கருவிப் பெட்டியோடு அதே இடத்துக்கு வந்து, என் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தாள்.

"மச்சான், எந்தக் குழாய்னு பாத்து வெட்டுன?"

"கைக்கு எட்டுன குழாய்" என்றான் எமர்சன்.

அடியிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. புது ஆயில் ஊற்றச் சொன்னாள். வெட்டிய முனைக்குக் கீழே காலி காப்பி டப்பாவை வைத்து, இரண்டு நொடி எஞ்சினை ஓடவிட்டாள். டப்பாவில் சிவப்பாய்ப் பீய்ச்சியது.

"இது ரேடியேட்டருக்குப் போற குழாய். நீ கூலர்ல ஆற வச்சு, மறுபடி ரேடியேட்டர்ல சூடு பண்ணிக் கியருக்கு அனுப்பிருக்க. ஆறின சூப்பை அடுப்புல ஏத்தின மாதிரி. திரும்பி வர்ற குழாய்லதான் கூலரைக் கோக்கணும். முனையையும் மழமழன்னு விட்டுட்ட. விளிம்பு இல்லாம ரப்பர் ஹோஸ் எதைப் புடிச்சிட்டு நிக்கும்?"

"கிளாம்ப் போட்டேனே!"

"உன் கல்யாணம் மாதிரி. ரெண்டு தடவை முடிச்சுப் போட்டும் நிக்கலயே."

எமர்சனே சிரித்துவிட்டான்.

பிறகு அவள் செய்ததை நான் வாய்பிளந்து பார்த்தேன். வெட்டுப்பட்ட குழாயைக் கழற்றிச் சாலையோரக் கல்லில் வைத்தாள். பக்கத்தில் நேரான புது எஃகுக் குழாய். வளைக்க உதவும் சுருள்கம்பியை அதன்மேல் நுழைத்து, முழங்காலில் வைத்து அழுத்தினாள். அளவுகோல் இல்லை. பழையதைப் பார்ப்பாள், கண்ணை மூடுவாள், வளைப்பாள். ஏழு வளைவு. ஒன்றில்கூடக் குழாய் நசுங்கவில்லை. வண்டிக்குள் செருகியபோது, தொழிற்சாலையிலேயே அதற்கென்று செய்தது போல இரு முனையும் மரையில் போய் உட்கார்ந்தன.

திரும்பி வரும் குழாயை வெட்டினாள், முனைகளை விரித்து விளிம்பு எடுத்தாள், கியர் ஆயிலுக்கென்றே விற்கும் தடித்த ஹோஸால் கூலரோடு இணைத்து இறுக்கினாள். எமர்சன் கூலரை ரேடியேட்டரோடு பிளாஸ்டிக் பட்டைகளால் கட்டியிருந்தான். அவற்றை அறுத்தெறிந்து, இரும்புப் பட்டையில் தாங்கிகள் செய்து, இரண்டுக்கும் நடுவே காற்றுப் போக விரலளவு இடைவெளி விட்டாள்.

எஞ்சின் சூடானதும் ஆயில் அளவு பார்த்து, இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். "போய் நெறச்சிட்டு வா. முழுத் தொட்டி."

ஏற்றம் முழுக்க என் கண் சூடு காட்டும் முள்ளின் மேலேயே இருந்தது. கொஞ்சம் ஏறி, நடுவில் நின்றுவிட்டது. பின்னாலேயே வந்த வெர்னா உச்சியில் மறுபடி அடியில் படுத்து, ஒவ்வொரு இணைப்பையும் வெள்ளைத் துணியால் துடைத்தாள். துணி வெள்ளையாகவே வெளியே வந்தது.

எமர்சன் அதை வாங்கி இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தான். "கை குடு" என்று மட்டும் சொன்னான்.

அன்று மதியம், அந்த வெயிலிலேயே, இரண்டாவது நடையும் அடித்தோம்.