மரியாதைப் பூட்டு

மாடி வீட்டில் இரவல் வாங்கிய நாற்காலிகளை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு தம்பி படியிறங்கி வந்தபோது, வாசலில் இணைய மன்றத்தார் மலர்வளையத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். வளையம் கதவைவிடப் பெரியது. நேராக நுழைத்துப் பார்த்தார்கள், சாய்த்துப் பார்த்தார்கள், கடைசியில் ஒரு பக்கத்தை நசுக்கி உள்ளே கொண்டுவந்தார்கள். வீட்டுச் சாமான்களைத் தாங்களே பழுதுபார்த்துக்கொள்கிறவர்களுக்குக் கதவை அளக்கத் தெரியவில்லையா என்று யாரும் கேட்கவில்லை. துக்க வீட்டில் எல்லாவற்றையும் கேட்டுவிட முடியாது.

வளையத்தின் குறுக்கே ஒரு பட்டை. அதில் பெரிய எழுத்தில் ‘நாமே சரிசெய்வோம் இணைய மன்றம்’. அதன் கீழே மன்றத்தின் முழக்கம்: ‘பழுதில்லா உலகம் படைப்போம்’. அதற்கும் கீழே, கொஞ்சம் இடம் மிச்சமிருந்த புண்ணியத்தில், அண்ணனின் பெயர்.

அண்ணன் கூடத்தின் நடுவில் படுத்திருந்தார். நேற்றுக் காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தவர், “கொஞ்சம் உட்கார்ந்துக்கறேன்” என்று அண்ணியிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான். யாருக்கும் தொந்தரவு இல்லாத சாவு என்று வந்தவர்களெல்லாம் சிலாகித்தார்கள். செய்தி கேட்ட தம்பிக்கு முதலில் வந்தது அழுகையல்ல, எரிச்சல். போன வாரம்தான் அண்ணனோடு பேச்சு தடித்திருந்தது. சமாதானம் ஆவதற்கு ஒரு வாரம் போதாதென்று அண்ணனுக்குத் தெரியாதா?

தம்பி என்றாலும் ஆளுக்கு வயது அறுபதை நெருங்குகிறது. காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் கிளை மேலாளர். சுற்றறிக்கை எழுதுவது அவருக்கு மூச்சுவிடுவது மாதிரி. அலுவலகத்தில் எழுதித் தீராத விதிகளை எழுதத்தான் அவர் அந்த மன்றத்தின் பொறுப்பை ஏற்றார் என்று சொல்லிக்கொள்வார்கள். எழுதுகிறவர்களைக் கட்டுக்குள் வைக்கும் வேலை, அதற்கு அங்கே ‘தலைமை மட்டுறுத்துநர்’ என்று பட்டம். வாயில் நுழையாத பட்டம்தான், ஆனால் மின்னஞ்சலின் அடியில் போட்டுக்கொள்ள நன்றாக இருந்தது.

மன்றத்தில் ஒருவர் தன் வீட்டு மின்விசிறி சுற்றவில்லை என்று கேட்பார். மற்றவர்கள் அதன் கீழே வரிசையாகப் பதில் சொல்வார்கள். கேள்வியும் பதில்களும் சேர்ந்து ஒரு திரி. கடைசியில் மின்விசிறி சுற்றுமா என்றால், பெரும்பாலும் சுற்றாது. கழற்றிய சாமானை மறுபடி மாட்டும்போது இரண்டு திருகாணி மிஞ்சுவதுதான் அந்த மன்றத்தாரின் பொதுவான அடையாளம். உள்ளே இருப்பவர்கள் பல் டாக்டர், ஹெட்மிஸ்ட்ரஸ், வரி ஆலோசகர் என்று பெரிய பெரிய ஆட்கள். மெக்கானிக் ஒருவர் தப்பித்தவறி வந்து, பத்து நாளில் பயந்து ஓடிவிட்டார்.

இந்தக் கூட்டத்துக்குள் அண்ணனை இழுத்து வந்ததே தம்பிதான். அண்ணன் மருந்துக்கடை வைத்திருந்தவர். கடையைக் கைமாற்றிவிட்டு வீட்டில் உட்கார்ந்ததும், பொழுது போகட்டுமே என்று சேர்த்துவிட்டார். சேர்ந்தவர் எல்லாரையும்போல அன்றைக்கு வந்த கேள்வியைப் படித்திருக்கலாம். அண்ணன் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். புத்தகத்தை யாராவது நடுவிலிருந்து படிப்பார்களா என்பது அவர் கட்சி. மன்றம் தொடங்கிய நாளிலிருந்து ஒரு திரி விடாமல் படித்து, ஒவ்வொன்றிலும் பதில் போட்டுக்கொண்டே வந்தார். ஆகவே அவர் பதில்களெல்லாம் எட்டு வருஷம், ஒன்பது வருஷம் தாமதமாக வந்து சேர்ந்தன.

யோசனைகளில் பாதி தப்பு. அவர் சொன்னதைக் கேட்டு ஒருவர் இஸ்திரிப் பெட்டியைச் செருக, அடுக்ககத்தின் ஒரு தளமே இருட்டாகிவிட்டது. ஆனால் யோசனைக்குக் கீழே எப்போதும் ஒரு கேள்வி இருக்கும்: ‘இப்போது எப்படி இருக்கிறது?’ மருந்துக்கடைப் பழக்கம். போன வாரம் இருமலுக்கு வாங்கிப் போனவர் இந்த வாரம் சோப்பு வாங்க வந்தாலும் இதைத்தான் கேட்பார்.

ஒருவர் கடுப்பாகி, அந்த ஃப்ரிட்ஜை விற்று ஆறு வருஷமாகிறது என்று எழுதினார். அண்ணன் அமைதியாக எழுதினார்: ‘நல்லது. வாங்கியவரிடம் எப்படி இருக்கிறது?’

மன்றம் கொதித்தது. செத்துப்போன திரிகளெல்லாம் எழுந்து வந்து முதல் பக்கத்தில் நின்றால் புதிய கேள்விகள் எங்கே போகும்? நிரப்பி மூடிய பல்குழியை யாரும் மறுபடி தோண்ட மாட்டார்கள் என்றார் பல் டாக்டர். மணி அடித்த பிறகு விடைத்தாளில் எழுதக் கூடாது என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ். இருவரும் மட்டுறுத்துநர்கள். தம்பிக்குக் கூச்சம் பிடுங்கியது. இவர் உங்கள் அண்ணனாமே என்று யாராவது கேட்டுவிடுவதற்கு முன் ‘செயலற்ற திரிகள் குறித்த கொள்கை அறிக்கை’யை எழுதி வெளியிட்டார். ஒரு வருஷம் அசையாமல் கிடக்கும் திரி தானாகப் பூட்டிக்கொள்ளும். அதைத் திறக்க மூன்று மட்டுறுத்துநர்களில் இருவர் சம்மதம் வேண்டும். விவாதத்தில் அண்ணன் ஒரே ஒரு வரிதான் எழுதினார்: ‘நலம் விசாரிக்கக் கெடு உண்டா?’ அதற்கு ஒரு லைக் கூட விழவில்லை.

விதி நடைமுறைக்கு வந்த பிறகுதான் அந்த போன் வந்தது.

“டேய், உன்னோட திரிக்கு வந்துட்டேன்டா.”

எந்தத் திரி என்று தம்பிக்குப் புரியவில்லை. தம்பி மன்றத்தில் சேர்ந்த புதிதில் கேட்ட கேள்வி அது. துணி பிழியும்போது வாஷிங் மெஷின் குளியலறையிலிருந்து கிளம்பி வாசல்வரை நடந்து வருகிறது, என்ன செய்வது என்று கேட்டிருந்தார். ஒருவரும் பதில் சொல்லவில்லை. மெஷின் இன்றுவரை நடந்துகொண்டுதான் இருக்கிறது.

“பூட்டிக் கிடக்கு. திறந்து விடு, பதில் போடணும்.”

“போன்லயே சொல்லேன் அண்ணே.”

“கேட்ட இடத்துலதான்டா சொல்லணும்.”

தனக்கே விலக்குக் கொடுத்துக்கொண்டால் நாளைக்கு நாலு பேர் வரிசையில் நிற்பார்கள் என்று தம்பி விளக்கினார். விளக்கம் நீண்டது. குரலும் கொஞ்சம் உயர்ந்தது. “சரிடா மேனேஜரு” என்று சொல்லி அண்ணன் போனை வைத்துவிட்டார். அதுதான் கடைசிப் பேச்சு.

இப்போது பல் டாக்டர் தம்பியின் தோளில் கைபோட்டுக் கூடத்தின் ஓரத்துக்கு அழைத்துப் போனார். பின்னாலேயே ஹெட்மிஸ்ட்ரஸும் வந்தார். நேற்றிரவே கலந்து பேசி முடிவெடுத்துவிட்டார்களாம். மன்றத்தின் வரலாற்றில் முதல் முறையாக ஓர் உறுப்பினருக்கு உச்சபட்ச மரியாதை. அண்ணன் எழுப்பிவிட்ட பழைய திரிகள் மட்டும்தான் ஒரு வருஷக் கெடுவுக்குத் தப்பி இன்னும் திறந்து கிடந்தன. அவர் எழுதினாரே, அதனால் அவை அசைந்ததாகக் கணக்கு. அவற்றையெல்லாம் மொத்தமாக, நிரந்தரமாகப் பூட்டி, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு மலர் படம் வைத்துவிடுவது. இதற்கு ‘மரியாதைப் பூட்டு’ என்று பெயரும் சூட்டியாகிவிட்டது. வண்டி வருவதற்குள் தலைமை மட்டுறுத்துநர் தன் கையாலேயே பூட்டினால் பொருத்தமாக இருக்கும். ஒரு புகைப்படமும் எடுத்துக்கொள்ளலாம்.

தம்பி தலையாட்டினார். அந்த நிமிஷத்தில் யார் எதைச் சொல்லியிருந்தாலும் தலையாட்டியிருப்பார். போனைக்கூட வெளியே எடுத்துவிட்டார். குடும்பத்தார் சம்மதம் கேட்பதுதான் முறை என்று சொல்லிப் பல் டாக்டர்தான் அண்ணியிடம் போனார். முறை என்றால் முறை.

அண்ணி அண்ணனின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். பல் டாக்டர் குனிந்து, தொண்டையைச் செருமி, அன்னாரின் அளப்பரிய பங்களிப்பு, அழியாத் தடம் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனார். அண்ணி முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

“பூட்டினா என்னாகுங்க?”

“அப்படியே இருக்கும்மா. யாரும் கை வைக்க முடியாது. ஒரு புனிதமான இடம் மாதிரி.”

“பதில் வந்தா?”

“பதில் வராதும்மா. வரவே முடியாது. அதான் பூட்டு.”

அண்ணி அண்ணனின் சட்டைக் காலர் மடங்கியிருந்ததை நீவிவிட்டார்.

“அவர் எல்லார்கிட்டயும் கேட்டு வச்சிருக்காரே. ஒருத்தர்கிட்ட ஃபேன் என்னாச்சுன்னு, ஒரு பொண்ணுகிட்ட குக்கர் எப்படியிருக்குன்னு. எழுந்ததும் மொத வேலையா, யாராவது சொன்னாங்களான்னுதான் பார்ப்பாரு. அவங்க சொல்றதுக்கு வர்றப்போ நம்ம வீட்டுக் கதவு சாத்தியிருந்தா, அது மரியாதைங்களா?”

“இனிமே பதில் வந்து என்னம்மா...” என்று ஆரம்பித்தார் பல் டாக்டர்.

எல்லார் பார்வையும் ஒரே பக்கம் போனது. அண்ணன் முகத்தில் வழக்கமான பொறுமை இருந்தது. எட்டு வருஷம் கழித்துப் பதில் போட்டவருக்கு, பதில் வர எட்டு வருஷம் ஆனால்தான் என்ன என்பது மாதிரி. பல் டாக்டர் வாக்கியத்தை முடிக்காமலே நிமிர்ந்தார்.

தம்பி கையிலிருந்த போனைப் பார்த்தார். பூட்டு என்ற பொத்தானும் திற என்ற பொத்தானும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. மண்டியிட்டு அண்ணி பக்கத்தில் உட்கார்ந்தார்.

“அண்ணி, எனக்கு என்னமோ பதில் போடணும்னாரு. என்னன்னு உங்ககிட்ட சொன்னாரா?”

“சொல்லாமயா. உங்ககூட பேசிட்டு வச்சதும் அதைச் சொல்லித்தான் சிரிச்சுக்கிட்டிருந்தாரு.” அண்ணி குரலைத் தாழ்த்தினார். “மெஷின்ல ஒரு கோளாறும் இல்லையாம். உங்க வீட்டுத் தரைதான் கோணலாம்.”

அந்தத் தரை பளிங்குத் தரை. வீடு கட்டியபோது தம்பி கூடவே நின்று, ரசமட்டக் குழாயைப் பிடித்து மட்டம் பார்த்து, கொத்தனாரை மூன்று முறை பெயர்த்துப் போடச் சொன்ன தரை. குடிபுகுந்த அன்று வந்தவர்களையெல்லாம் செருப்பைக் கழற்றச் சொல்லி நடக்கவிட்டுக் காட்டினார். அண்ணன் அன்றைக்கு அதில் ஒரு கோலியை வைத்துவிட்டு, அது உருண்டு போவதைப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டது இப்போது ஞாபகம் வந்தது. வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். சபையில் சொல்லக் கூடாதென்று விட்டிருக்கிறார் மனுஷன்.

தம்பியின் தோள் குலுங்கியது. துக்கம் தாளாமல் உடைந்துவிட்டார் என்று நினைத்து யாரோ ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்கள். முகத்தை மூடிக்கொண்டிருந்ததால் அவர் சிரிக்கிறார் என்பது அண்ணிக்கு மட்டும்தான் தெரிந்தது. தண்ணீர் வந்து சேர்ந்தபோது அது தேவையாகத்தான் இருந்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். பூட்டுகிற பேச்சு வேண்டாம், பூட்டிய திரிகளைத் திறக்கப்போகிறேன், விதிப்படி இன்னொருவர் சம்மதம் வேண்டும் என்றார். எத்தனை திரிகளை என்று கேட்டார் பல் டாக்டர். எல்லாவற்றையும் என்றார் தம்பி.

“இது ஒரு முன்னுதாரணமாயிடும் சார்.”

“ஆகட்டும் டாக்டர்.”

“கொள்கை அறிக்கையே நீங்க எழுதினதுதானே?”

“நான்தான் எழுதினேன். தப்பில்லாத தமிழ்ல எழுதினேன். அவ்வளவுதான்.”

பல் டாக்டர் ஹெட்மிஸ்ட்ரஸைப் பார்த்தார். அவர் மலர்வளையத்தின் நசுங்கிய பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், வகுப்பில் பிள்ளைகளை ஆயுள் முழுக்கச் செய்யச் சொன்னதைத் தானே செய்தார். வலது கையை மெல்ல உயர்த்தினார்.

“என் மிக்ஸியைப் பத்தி கேட்டிருந்தார். கிண்டல் பண்றார்னு நினைச்சு நான் பதிலே போடல.” கையை இறக்கவில்லை. “நல்லாத்தான் ஓடுது.”

“அவர்கிட்டயே சொல்லிடுங்க” என்றார் அண்ணி.

ஹெட்மிஸ்ட்ரஸ் அண்ணனின் கால்மாட்டில் போய் நின்றார். உதடு அசைந்தது. என்ன சொன்னார் என்று யாருக்கும் கேட்கவில்லை.

தம்பி வாசலில் குவிந்திருந்த செருப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்து வேலையைத் தொடங்கினார். எல்லாவற்றையும் ஒரே அழுத்தில் திறக்கிற வசதி இல்லை. அப்படி ஒரு வசதி இருந்தால் ஆளாளுக்குத் திறந்துவிடுவார்கள் என்று அவரே வேண்டாமென்று சொல்லியிருந்தார். ஒவ்வொரு திரியும் அவர் எழுதிவைத்த வாசகத்தையே அவரிடம் கேட்டது: ‘இத்திரியில் நெடுங்காலமாக அசைவில்லை. திறப்பது அவசியம்தானா?’ அவசியம்தான், அவசியம்தான் என்று அழுத்திக்கொண்டே போனார். துணி பிழியும்போது நடக்கும் மெஷினின் திரி வந்தபோது மட்டும் விரல் கொஞ்சம் நின்றது. அதையும் திறந்தார். கேள்வியும், கீழே வெறும் கட்டமும். அதில் எதுவும் எழுதவில்லை. அது அண்ணனுடைய இடம்.

வண்டி வந்தது. தம்பி எழுந்து தலைப்பக்கம் தோள் கொடுத்தார். பல் டாக்டர் கேட்காமலே மறுபக்கம் வந்து பிடித்தார்.

எல்லாம் முடிந்து திரும்பியபோது வீடு கழுவிவிடப்பட்டிருந்தது. மாடி வீட்டு நாற்காலிகள் போயிருந்தன. உறவுக்காரர்கள் பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள், மீதிப் பேர் கிளம்புவதா இருப்பதா என்று தெரியாமல் செருப்பை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தார்கள். தம்பி, சொல்லிக்கொண்டு போவதற்காக உள் அறைக்குப் போனார்.

அண்ணி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அண்ணனின் போனைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அணைந்து கிடந்தது. அதைச் சார்ஜரில் செருகி, திரை மேலே தெரிகிற மாதிரி, அண்ணன் படுக்கிற பக்கத்தில் வைத்தார். தம்பி வந்து நிற்பதைப் பார்த்ததும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார்.