மணலுக்கு எந்த டயர்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சைக்கிள் வாங்கப் போனது நான்தான். நாலு இஞ்ச் அகலமுள்ள தடி டயரா, அதில் பாதிக்குச் சற்றே கூடுதலான நடு டயரா என்று புரியாமல் முக்கால் மணி நேரம் கடையில் விழித்துக்கொண்டு நின்றேன். வெறுங்கையோடு திரும்பி வந்து, அந்தக் குழப்பத்தை நான் எழுதும் கதையில் ஒரு பெண்ணின் தலையில் கட்டிவிட்டேன்.

முதல் தொடக்கம்: 'அன்று கடல் மிகவும்...' (வேண்டாம். கடலில் இறங்கினால் நான் கரையேற மாட்டேன்.)

இரண்டாவது: 'அவள் கண் பரிசோதிப்பவள்.' இது இருக்கட்டும்.

2

அவள் கண் பரிசோதிப்பவள். நாள் முழுக்க அரையிருட்டு அறையில் ஆட்களை உட்காரவைத்து, கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டு, "இதுல தெளிவா இருக்கா, இதுலயா?" என்று கேட்பதுதான் வேலை. ஊரையே தேர்ந்தெடுக்க வைப்பவளுக்குத் தனக்கு ஒரு சைக்கிள் தேர்ந்தெடுக்க முடியவில்லை.

வேலைக்குப் போகும் வழி முழுக்கத் தார் ரோடு. அதற்கு நடு டயர் போதும், லேசாக ஓடும். ஆனால் ரோடு முடிகிற இடத்தில் கடலோரமாக ஒரு கிலோமீட்டர் மணல். அதன் அந்தக் கோடியில் நீலக் கதவு வைத்த வீடு. அங்கே அவளுடைய அக்கா இருக்கிறாள்.

அக்கா இரண்டாவது கல்யாணம் செய்துகொண்டபோது இவள் போகவில்லை. மூன்று வருடமாகப் பேச்சில்லை. ஒரே வீட்டில் இருந்தவர்கள் சாமான்களைப் பிரித்தபோது சைக்கிள் இவளுக்கு வந்தது, காற்றடிக்கும் பம்பு அக்காவோடு போனது. (கோபத்தில் யார் யோசித்துப் பிரிக்கிறார்கள்?) அந்தச் சைக்கிள் போன மாதம் முறிந்தது. போன வாரம் அக்காவிடமிருந்து ஒரு செய்தி வந்தது: "பம்பு இங்கதான் இருக்கு." வேறொன்றும் இல்லை.

தடி டயர் வாங்கினால் போகப்போகிறாள் என்று அர்த்தம். நடு டயர் வாங்கினால், 'மணல்ல ஓடாது, நான் என்ன பண்ண?' என்று இருந்துவிடலாம்.

(நடந்தே போகலாமே என்கிறீர்களா? நானும் கேட்டேன். முறைத்தாள்.)

3

இந்த இடத்தில் எழுத்து நின்றுபோய், மத்தியானம் மேசையிலேயே கண்ணயர்ந்தேன். கனவில், அவள் ஆட்களை உட்காரவைக்கும் நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். ஒரு கண்ணாடியில் மணலும் அதில் ஒரு அகலமான தடமும் தெரிந்தன. இன்னொன்றில் தடமே இல்லாத மணல்.

"எதுல தெளிவா இருக்கு?"

"ரெண்டும் ஒண்ணுதாங்க."

"எல்லாரும் இப்படித்தான் சொல்லுவாங்க. அவசரமில்ல, இன்னொரு தடவ பாருங்க."

4

அவள் நடு டயர் வாங்கினாள். எனக்கு ஏமாற்றம்தான், மறைக்க மாட்டேன். கடையில் டயரை அழுத்திப் பார்த்து, "இன்னும் காத்தடிங்க, கல்லு மாதிரி இருக்கணும்" என்றாள். வாழ்நாளெல்லாம் அப்படித்தான் ஓட்டியிருக்கிறாள்.

மெக்கானிக் சிரித்தார். "அப்படி ஓட்டினா மணல்ல புதையத்தாங்க செய்யும். காத்தப் பாதி எறக்கி விடுங்க, ஈர மணல்ல இதுவே ஜம்முனு போகும். திரும்பி ரோட்டுல ஏறும்போது மறுபடி அடிச்சுக்கணும். பம்பு இருக்குல்ல?"

"இருக்கு" என்றாள். டயரை மறுபடி அழுத்திப் பார்த்துக்கொண்டே, "அக்கா வீட்டுல" என்றாள்.

மூன்று வருடத்தில் 'அக்கா' என்ற சொல்லை அவள் வாய்விட்டுச் சொன்னது அன்றுதான்.

5

முடிவு ஒன்று: அவள் போகிறாள், நீலக் கதவு திறக்கிறது, இருவரும்... (எனக்கு அழுகை எழுத வராது.)

முடிவு இரண்டு: அவள் சைக்கிளைத் திருப்பி... (இதை எழுத மனசு வரவில்லை.)

இப்போது ரோடு முடிகிற இடத்தில் நிற்கிறாள். நல்ல வெயில். அலை இப்போதுதான் வடிந்து மணல் ஈரமாக இருக்கிறது. வால்வு மூடி அவள் உள்ளங்கையில். இரண்டு டயரிலும் காற்றை இறக்கிவிட்டால், பம்பு கேட்காமல் வீடு திரும்ப முடியாது. அது அவளுக்கும் தெரியும்.

கட்டைவிரலை வால்வின் மேல் வைத்துக்கொண்டு அவள் என்னைப் பார்க்கவில்லை, உங்களைத்தான் பார்க்கிறாள். அவசரமில்லை. இன்னொரு தடவை பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.