கை வேறு, முதுகு வேறு

என் அண்ணனுக்காக வழக்காடுவதைவிடச் சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம். சுவராவது எதிர்த்துப் பேசாது.

அண்ணன் தச்சன், நான் வக்கீல். அம்மாவுக்கு இடுப்பெலும்பு உடைந்து ஆபரேஷன் ஆனபிறகு, எதில் உட்கார்ந்தாலும் யாராவது தூக்கிவிட வேண்டியிருந்தது. அவளுக்கு அது பெரிய அவமானம். தண்ணீர் குடித்தால் பாத்ரூமுக்குப் போக வேண்டும், போவதற்கு ஆளைக் கூப்பிட வேண்டும் என்று தண்ணீரையே குறைத்துக்கொண்டாள். அண்ணன் அவள் எழுந்திருக்கத் திணறுவதைப் பார்த்துப் பார்த்து ஒரு நாற்காலி செய்தான். கைகள் இரண்டும் உட்காரும் பலகையைத் தாண்டி முன்னால் நீண்டு, நுனியில் மேலேறி, உள்ளங்கைக்கு அடங்குகிற மாதிரி உருண்டிருக்கும். அதை ஊன்றி அம்மா தானாகவே எழுந்து நின்றாள். நின்றவள் நேராக அடுப்படிக்குப் போய் ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தாள். முதுகுப் பலகைக்கு அண்ணன் அலை மாதிரி ஒரு வளைவு கொடுத்திருந்தான். அதற்குக் காரணமெல்லாம் கிடையாது.

பார்த்தவர்கள் எங்களுக்கும் ஒன்று என்றார்கள். செய்து கொடுத்தான். வடிவத்தைப் பதிவு செய்யடா என்று நான் தொண்டை வறளக் கத்தினேன். காதிலேயே வாங்கவில்லை. கடைசியில் ஒரு பெரிய நாற்காலிக் கம்பெனியின் ஆள் வாடிக்கையாளர் மாதிரி வந்து, படம் பிடித்துக்கொண்டு போனான். கொஞ்ச நாளில் அதே கை, அதே முதுகு, அவர்கள் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் நின்றது. அதோடு விட்டார்களா? எங்கள் வடிவத்தை நீ செய்யக் கூடாது என்று அண்ணனுக்கே நோட்டீஸ் அனுப்பினார்கள். அதை அவன் என் மேசையில் வீசிவிட்டு, "இது என்னோடதுன்னு அந்த ஜட்ஜ் வாயால சொல்ல வை, போதும்" என்றான்.

போதுமாம்! ஏதோ கடையில் உப்பு வாங்கி வரச் சொல்கிற மாதிரி.

பதிவு செய்யாத நாற்காலியை யார் வேண்டுமானாலும் காப்பியடிக்கலாம். ஆனால் அதுவே கலைப்படைப்பு என்றால், செய்த நிமிஷத்திலிருந்து செய்தவனுக்குச் சொந்தம். ஆகவே அது நாற்காலி இல்லை என்று நான் நிரூபிக்க வேண்டும். வெறும் அழகுக்காகச் செய்தது, உட்காருவது தற்செயல். இதை அண்ணனுக்குப் புரியவைப்பதற்குள் என் பிராணன் போய்விட்டது.

"நாற்காலின்னு சொல்லாதே அண்ணா. 'படைப்பு'ன்னு சொல்லு."

"படைப்புல யாருடி உக்காருவா?"

"யாரும் உக்கார மாட்டாங்க. அதான் பாயிண்ட்."

"அம்மா உக்காருறாங்களே."

"அம்மாவை இழுக்காதே! கை ஏன் இப்படி இருக்குன்னு கேட்டா என்ன சொல்லுவே?"

"கண்ணுக்கு அழகா இருக்கட்டும்னு பண்ணினேன்" என்று கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தான். வழக்கு நாள் வரைக்கும் ஒப்பிக்க வைத்தேன்.

அன்று நாற்காலியைத் துணி போர்த்திக் கொண்டுபோய் நீதிமன்றத்தில் வைத்தோம். அம்மா வரவே வேண்டாம் என்றேன். முதல் வரிசையில் வந்து உட்கார்ந்துவிட்டாள். நான் அரைமணி நேரம் கோடு, வளைவு, ஒளி, நிழல் என்று பொழிந்தேன். நீதிபதிக்கே அதைத் தொடக் கூச்சம் வந்துவிட்டது. பிறகு அண்ணனைக் கூண்டில் ஏற்றினேன்.

நீதிபதி கேட்டார். "இந்தக் கை ஏன் இப்படி முன்னாடி நீண்டிருக்கு?"

அண்ணன் என்னைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். நான் கண்ணாலேயே கெஞ்சினேன்.

"எங்கம்மாவுக்கு எழுந்திருக்க முடியலீங்க. இந்த இடத்துல ஊன்றினா உடம்பு தானா முன்னாடி வரும். நுனி கொஞ்சம் தாழ்ந்தாலும் பின்னாடி தள்ளிடும். அதைக் கண்டுபிடிக்கத்தான் மூணு ஜோடி கையை அறுத்துப் போட்டேன்."

தலையில் அடித்துக்கொள்ள நீதிமன்றத்தில் அனுமதி இல்லை. எதிர்த்தரப்பு வக்கீல் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"சரி, இந்த முதுகு வளைவு?" என்றார் நீதிபதி.

"அது சும்மாங்க. பாக்க நல்லா இருந்துச்சு."

தீர்ப்பு வந்தது. முதுகின் வளைவுக்குப் பயன் ஏதும் இல்லை, அழகுக்காகவே பிறந்தது, ஆகவே அது கலை, அண்ணனுக்கே சொந்தம். கம்பெனி அதைத் தொடக் கூடாது, அண்ணனுக்கு அனுப்பிய நோட்டீசும் செல்லாது. கைகள் எழுந்திருக்க உதவுகிறவை, பயனுக்காகவே பிறந்தவை. அவை யாருக்கும் சொந்தமில்லை. யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம்.

நான் பாதிக்கு மேல் ஜெயித்த சந்தோஷத்தில் வெளியே வந்தேன். அண்ணன் படியில் உட்கார்ந்திருந்தான்.

"சும்மா வளைச்சது என்னோடதாம். அம்மாவுக்குப் பண்ணினது என்னோடது இல்லையாம். இது என்னடி நியாயம்?"

"நியாயத்தை யாரு கேட்டா? இனிமே நீ தாராளமா பண்ணலாம். நோட்டீஸ் போச்சு. மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காதே."

அவன் அதை இன்னும் கொஞ்சம் தூக்கி வைத்துக்கொண்டான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சில மாதம் கழித்து அம்மாவைப் பரிசோதனைக்காக எலும்பு டாக்டரிடம் கூட்டிப் போனோம். காத்திருக்கும் அறை முழுக்கப் புது நாற்காலிகள். முதுகு தட்டையாக இருந்தது, கைகள் மட்டும் எங்களுடையவை. கம்பெனி தீர்ப்பை ஒழுங்காகப் படித்திருக்கிறது. "நம்ம நாற்காலிடா!" என்று அம்மா குதூகலமாகப் போய் உட்கார்ந்தாள்.

டாக்டர் அறையிலிருந்து கூப்பிட்டார்கள். அம்மா கையை ஊன்றினாள். பாதி எழுந்தவள் அப்படியே பின்னால் சரிந்தாள். மறுபடி ஊன்றினாள். மறுபடியும் சரிந்தாள். அறையே பார்த்தது. "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று அவள் சிரிக்கப் பார்த்தாள். நான்தான் தூக்கிவிட்டேன்.

அண்ணன் தரையில் மண்டிபோட்டு நாற்காலிக் கையின் நுனியைத் தடவிப் பார்த்தான். வரிசையாகப் போட்டால் பார்க்க எடுப்பாக இருக்கட்டும் என்று நுனியை யாரோ தாழ்த்தி, நறுக்கென்று முடித்திருந்தார்கள்.

"திருடினது தொலையட்டும். திருடினா ஒழுங்கா திருட வேண்டாமா? கேஸ் போடு!"

"எதுக்குன்னு போடறது? கை யாருக்கும் சொந்தமில்ல."

"எனக்குச் சொந்தம்னு கேக்கல. கெடுத்துட்டாங்கன்னு போடு."

"முதுகைக் கெடுத்திருந்தா கலையைச் சிதைச்சாங்கன்னு இழுத்திருப்பேன். கைக்கு அப்படி ஒரு சட்டமே இல்ல. என் உயிரை எடுக்காதே, எழுந்திரு!"

எழுந்திருக்கவில்லை. பலகைக்கு அடியில் ஒட்டியிருந்த கம்பெனி நம்பரைப் பார்த்து போனில் தட்டிவிட்டான். எதிர்த்தரப்போடு நேராகப் பேசாதே என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்! அப்பீல் இன்னும் பாக்கி இருக்கிறது. பிடுங்கப் போனேன். தோளைத் திருப்பிக்கொண்டான்.

"ஹலோ. உங்க நாற்காலிக் கை தப்பா இருக்குங்க. நுனியைத் தூக்கணும். நான் நேர்ல வந்து காட்டறேன்... இல்லீங்க, காசெல்லாம் வேண்டாம்... பேரும் போட வேண்டாம்... ஐயா, கொஞ்சம் கேளுங்க, எங்கம்மாவால எழுந்திருக்க முடியலீங்க."